கிணற்று மோட்டார் தினமும் தண்ணீர் கேட்டால்

பாலக்காடு மாவட்டத்து எருத்தேம்பதிப் பக்கமிருந்து ஒரு தென்னை விவசாயி கேட்டிருக்கிறார். திறந்த கிணற்றுக்குள் மேடை போட்டு, பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் வைத்திருக்கிறார். சக்‌ஷன் பைப் (கிணற்றுத் தண்ணீரைப் பம்புக்கு ஏற்றும் குழாய்) 3 அங்குலம். சித்திரை மாதத்தில் மேடையிலிருந்து தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 20 அடி கீழே நிற்கிறது. தினமும் காலையில் இரண்டு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கிறது. சில வாரங்களாக, ஊற்றி ஓட்டினாலும் ஒரு மணி நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கத் தண்ணீர் மட்டும் நின்றுவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் புட்வால்வை (பைப்பின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை) மாற்றச் சொல்கிறார், எலக்ட்ரீசியன் மோட்டாருக்குச் சக்தி குறைந்துவிட்டது என்று காயில் கட்டச் சொல்கிறார், மகனோ தண்ணீர் ஊற்றாமலே கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தானாக இழுத்துக்கொள்ளாதா என்று கேட்கிறார். கேள்வி மூன்று போலத் தெரிந்தாலும், உண்மையில் அவர் அறிய விரும்புவது ஒன்றே: ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது, அந்த இடத்துக்குக் காற்று எந்த வழியாக வருகிறது?

நான் இயந்திரப் பொறியியல் படித்து, கோவையில் பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். இப்போது கொழிஞ்சாம்பாறையில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தக் கிணற்றை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மகனின் கேள்வி, ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. மையவிலக்குப் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. உள்ளே சுழலும் இம்பெல்லர் தன் நடுவில் இருக்கும் தண்ணீரை ஓரத்துக்கு வீசி எறிகிறது. எறிந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீர்ப்பரப்பின்மேல் காற்று மண்டலம் கொடுக்கும் அழுத்தம், பைப்பிலுள்ள தண்ணீரை அந்தக் குறைவான இடத்துக்குத் தள்ளி ஏற்றுகிறது. எனவே இம்பெல்லர் வீசி எறிய முதலில் கையில் தண்ணீர் இருக்க வேண்டும். காற்றை மட்டும் வைத்துச் சுற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு. தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்குத் தள்ளக்கூடிய அதே பம்பு, காற்றில் சுற்றும்போது 30 மீட்டர் உயரக் காற்றுத் தூணுக்கு ஈடான அழுத்தத்தைத்தான் உண்டாக்கும். அது தண்ணீர்க் கணக்கில் 4 சென்டிமீட்டர்கூட வராது. 20 அடி ஏற்ற வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலம் ஏறி நிற்கும், எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அதற்குமேல் ஏறாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. செல்ஃப் பிரைமிங் என்று விற்கும் பம்புகள் தானாக எடுப்பதாகத் தோன்றக் காரணம், அவற்றின் கூட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும்படி வடிவமைத்திருப்பதே. அந்தத் தண்ணீரோடு காற்றைக் கலந்து வெளியேற்றி வெளியேற்றித்தான் அவை மேலே எடுக்கின்றன. அவற்றுக்கும் முதல் தடவை ஊற்றியே ஆக வேண்டும்.

வெறுமனே ஓடவிடுவதால் பயனில்லை என்பது மட்டுமல்ல, கேடும் உண்டு. ஷாஃப்ட் வெளிவரும் இடத்தை அடைக்கக் கிளாண்ட் கயிறு போட்ட பம்பில் கயிறு காய்ந்து கருகும், ஷாஃப்டில் வரி விழும். மெக்கானிக்கல் சீல் போட்டதாக இருந்தால், ஒன்றோடொன்று உரசும் அந்த இரண்டு முகங்களும் தண்ணீர்ப் படலத்தை நம்பியே இருப்பவை. ஒரு சில நிமிட வறண்ட ஓட்டமே அவற்றைக் கெடுத்துவிடப் போதும். அப்படிச் சூடேறிப்போன பம்பில் பதறிப்போய் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். வார்ப்பு இரும்புக் கூடும் சீலின் முகமும் திடீர்க் குளிர்ச்சியில் வெடிக்கக்கூடும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

இனி, ஊற்றும் தண்ணீரின் அளவு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 3 அங்குலப் பைப்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் 5 லிட்டர் பிடிக்கும். 20 அடி என்றால் 6 மீட்டர், அதாவது 30 லிட்டர். பம்பின் கூடு இன்னும் சில லிட்டர் வாங்கும். சாதாரணப் பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் சொல்லும் இரண்டு மூன்று குடம் என்பது சக்‌ஷன் பைப் முழுவதும் காலியாகிவிட்டது என்பதற்குச் சமம். புட்வால்வு மூடாமல் கசிகிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிக் கொடுக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வது அந்த அளவில் சரி. பெரிய கசிவு வேண்டியதுமில்லை. நிமிடத்துக்கு 50 மில்லி வீதம் பத்து மணி நேரம் கசிந்தால் 30 லிட்டர் போய்விடும். வாஷரின் ஓரத்தில் ஒரு தென்னை நார் சிக்கியிருந்தாலே அந்த அளவு கசியும்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. பப்பாளித் தண்டைத் தண்ணீரில் முக்கி, மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளிருக்கும் தண்ணீர் கீழே விழுவதில்லை. விரலை எடுத்தால்தான் விழுகிறது. சக்‌ஷன் பைப்பும் அப்படியே. 10 மீட்டருக்குக் குறைவான ஏற்றத்தில், புட்வால்வே இல்லாமல் போனாலும், மேலே காற்று நுழையாத வரையில் தண்ணீர்த் தூண் இறங்காது. அது முழுக்க இறங்கியிருக்கிறது என்றால் மேலே எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. டெலிவரி வால்வை (பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பைப்பின் வால்வை) திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்களென்றால் அந்த வழி டெலிவரி பைப்தான், அதில் கவலைப்பட ஏதுமில்லை. வால்வை இறுக மூடி வைத்தும் காலையில் பைப் காலியாக இருக்கிறதென்றால், கிளாண்ட் வழியாகவோ, பிளேஞ்ச் பேக்கிங் வழியாகவோ, தண்ணீர் ஊற்றும் புனலின் அடைப்பு வழியாகவோ, சக்‌ஷன் பைப்பின் மேல்பகுதியில் உள்ள ஒரு இணைப்பு வழியாகவோ காற்று உள்ளே போகிறது. அப்படியானால் பகலில் ஓடும்போதும் அதே ஓட்டை வழியாகத்தான் காற்று போகும். இரவில் தண்ணீர் இறங்குவதும் பகலில் ஒரு மணி நேரத்தில் நின்றுபோவதும் தொடர்புடையவையா என்பதை இந்த ஒரு சோதனையே பிரித்துக் காட்டிவிடும். புட்வால்வை மட்டும் மாற்றிவிட்டு, காலையில் ஊற்றும் வேலை மிச்சமானதே என்று இருந்தால், பகல் தொல்லை அப்படியே தொடரும். பட்டறைக்கு அப்படி மறுபடி வந்த பம்புகள் நிறைய.

புட்வால்வைத் தனியாகச் சோதிப்பதும் எளிது. டெலிவரி வால்வை மூடிவிட்டுப் புனலின் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். மட்டம் அசையாமல் நின்றால் கீழே எல்லாம் சரி. இறங்கினால், மேடையிலிருந்து டார்ச் அடித்து சக்‌ஷன் பைப்பின் வெளிப்புறத்தைப் பாருங்கள். பைப் வெளியே நனைந்து வழிந்தால் இணைப்பில் கசிவு. வெளியே காய்ந்திருந்தால் புட்வால்வு. புட்வால்வைத் தூக்கிப் பார்க்கும்போது வாஷர், அது உட்காரும் முகம், சல்லடை மூன்றையும் பாருங்கள். தோல் வாஷர் கோடையில் பல நாள் தண்ணீருக்கு வெளியே கிடந்தால் காய்ந்து வளைந்துவிடும். சாணியைக் கரைத்து ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்று நம் பக்கத்தில் செய்வது வழக்கம். கசியும் வாஷரை அது சில நாள் மூடுவது உண்மைதான். ஆனால் அதே சாணியின் நாரும் மணலும் போய் வாஷர் உட்காரும் முகத்தில் தங்கிக் கசிவைப் பெரிதாக்கும். குடிக்கவும் எடுக்கும் கிணறாக இருந்தால் அதைச் செய்யவே கூடாது. மாற்றுவதாக முடிவு செய்தால், விவசாயப் பம்புகளின் புட்வால்வுக்கென்றே ஐஎஸ் 10805 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண் பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள். குறுகிய வழியும் சிறிய துளைகளும் கொண்ட மலிவான புட்வால்வு, தண்ணீர் ஏறுவதற்கே தடையாக நிற்கும். உங்கள் ஆழத்தில் அது சின்ன விஷயம் இல்லை என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

ஓடும்போது நின்றுபோவதற்கு இரண்டு காரணங்களை நான் சந்தேகிக்கிறேன். இதில் எது என்று இங்கிருந்தே உறுதியாகச் சொல்ல இயலாது. ஒன்று மேலே சொன்ன காற்று நுழைவு. மற்றொன்று ஆழம். காற்று மண்டலத்தின் முழு அழுத்தமும் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் தண்ணீரைத்தான் தாங்கும். 1640-களில் இத்தாலியில் தோரிசெல்லி கண்டுசொன்ன வரம்பு இது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பானாலும் இதை மீற முடியாது. இந்த 10.3-இலிருந்து கழிவுகளைப் போட்டுப் பார்ப்போம். நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை, அதற்குக் கால் மீட்டருக்குமேல் போகாது. 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கு 0.4 மீட்டர். விநாடிக்கு 10 லிட்டர் ஓடுவதாக வைத்தால் 3 அங்குலப் பைப்பின் உராய்வு, பெண்டு, பழைய புட்வால்வு எல்லாம் சேர்ந்து ஒரு மீட்டருக்குக் குறையாது. ஏற்றம் 6.1 மீட்டர். மிஞ்சுவது இரண்டரை மீட்டர் அளவு. இந்த வகைச் சிறிய பம்புகள் தடையின்றி ஓட 2 முதல் 3 மீட்டர் வரை மிச்சம் கேட்பவை. அதாவது ஓட்டத்தைத் தொடங்கும்போதே நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஒரு மணி நேரம் இறைத்ததும் கிணற்று மட்டம் இன்னும் நான்கைந்து அடி இறங்கினால் பம்புக்குப் போதாமல் போகிறது. சில வாரங்களாகத்தான் இந்தத் தொல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த ஊகத்துக்குப் பொருந்துகிறது. ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வந்து வாய்க்கால்களில் ஓடும் மாதங்களில் வாய்க்காலோரக் கிணறுகள் ஏறி நிற்கும். அப்போது இதே மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கும்.

இரண்டையும் பிரித்தறியக் காதும் கண்ணும் உதவும். காற்று போனால் டெலிவரியில் தண்ணீர் விட்டுவிட்டு, நுரைத்துப் பால்போல் வரும். ஆழம் போதாவிட்டால் பம்புக்குள் சரளைக் கல் உருள்வது போன்ற சத்தம் கேட்கும், தண்ணீர் படிப்படியாகக் குறையும். தண்ணீர் நின்றவுடன் கிணற்றுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். புட்வால்வுக்குமேல் இரண்டடிகூடத் தண்ணீர் இல்லையென்றால் சுழி விழுந்து அதன் வழியாகவே காற்று போகும். இதையெல்லாம்விட நம்பகமானது சக்‌ஷன் பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜ் பொருத்துவது. 1 மீட்டர் தண்ணீர் ஏற்றத்துக்கு 73.5 மி.மீ. பாதரசம் என்பது கணக்கு. உங்கள் கிணற்றில் நன்றாக ஓடும்போது முள் 500-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். தண்ணீர் குறையும் நேரத்தில் முள் அதற்குமேல் ஏறினால் ஆழமோ அடைப்போ காரணம். முள் இறங்கினால் காற்று. இந்த ஒரு கருவி இருந்தால் மூன்று பேரிடம் யோசனை கேட்கவே வேண்டாம்.

காற்று என்று தெரிந்தால் ஓட்டையைத் தேட வேண்டும். சக்‌ஷன் பக்கத்து ஓட்டை வெளியே சொட்டாது, உள்ளேதான் இழுக்கும். பலர் தவறவிடுவது இதனால்தான். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை வளைந்து உள்ளே போகும் இடம் தெரியும். காற்றடிக்கும் நாளில் அது பயன்படாது. அப்போது இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸை அப்பிப் பாருங்கள், எந்த இடத்தில் அப்பியதும் தண்ணீர் சீராகிறதோ அதுதான் இடம். கிளாண்டைச் சுற்றி வேலை செய்யும்போது ஷாஃப்டில் துண்டோ வேட்டியோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாண்ட் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 60 சொட்டு. ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால் அது இறுக்கம் அதிகமானதாலும் இருக்கலாம், காற்றை உள்ளே இழுப்பதாலும் இருக்கலாம். சக்‌ஷன் பைப் பம்பை நோக்கிச் சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது பம்பைவிட உயரமாக மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும், எத்தனை குடம் ஊற்றினாலும் அந்தக் காற்று வெளியேறாது. பம்பின் வாயில் அளவு குறைக்கும் துண்டு போட்டிருந்தால், அது ஒருபக்கம் தட்டையானதாக, தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம்தான்.

எலக்ட்ரீசியன் சொன்னதை நான் ஏற்கவில்லை. தண்ணீர் நின்றதும் மோட்டாரின் சத்தம் லேசாகி, ஆம்பியர் முள் இறங்கினால், மோட்டாருக்குப் பாரமில்லை என்றே பொருள். காயிலில் கோளாறு இருந்தால் ஆம்பியர் ஏறும், உடல் சுடும். ஆனால் மின்சாரம் சம்பந்தமாக வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். லைனிலோ ஸ்டார்ட்டரிலோ வேலை நடந்த பிறகு இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் பம்பு கொஞ்சம் தண்ணீர் தரும் என்பதால் எல்லோரும் காற்றுத் தொல்லை என்றே நினைத்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கூட்டின்மேல் வார்த்திருக்கும் அம்புக்குறியோடு சுழற்சியை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஊற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கூட்டின் உச்சியில் காற்றை வெளிவிட இருக்கும் ஏர் காக்கைத் திறந்து வையுங்கள். மணலில்லாத தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அவசரமாகக் கவிழ்த்தால் இறங்கும் தண்ணீரே ஏறும் காற்றின் வழியை அடைத்துவிடும். குமிழி அடங்கியதும் ஷாஃப்டைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். இம்பெல்லரின் கண்ணில் (நடுத்துளையில்) ஒளிந்திருக்கும் காற்று அப்போதுதான் வெளிவரும், மட்டம் சற்று இறங்கும், மீண்டும் ஊற்ற வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலை இது. ஏர் காக்கில் குமிழியில்லாமல் தண்ணீர் வழியும்போது மூடிவிட்டு, டெலிவரி வால்வை மூடிய நிலையில் மோட்டாரைப் போட்டு, வேகம் பிடித்ததும் வால்வை மெல்லத் திறவுங்கள். உங்கள் வகைப் பம்புக்கு வால்வு மூடியிருக்கும்போதுதான் பாரம் மிகக் குறைவு. ஆனால் மூடியபடியே ஒரு நிமிடத்துக்குமேல் ஓடவிட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் சூடேறிவிடும்.

நிலையான தீர்வு எது என்பது மேலே சொன்ன சோதனைகளின் முடிவைப் பொறுத்தது. ஆழம்தான் காரணமென்றால், முதல் வழி மேடையை ஐந்தடியாவது இறக்குவது. அப்படி இறக்கினால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மட்டம் ஏறும்போது மோட்டார் மூழ்காமல் தூக்குவதற்குச் சங்கிலிக் கப்பி ஒன்றையும் அமைத்துவிடுங்கள். அது தொல்லையென்றால் ஓபன்வெல் சப்மெர்சிபிளுக்கு மாறிவிடலாம். தண்ணீருக்குள்ளேயே இருப்பதற்கு ஊற்றும் வேலையே இல்லை. ஆழம் காரணமல்ல, புட்வால்வையும் ஓட்டையையும் சரிசெய்தாகிவிட்டது என்றால், மேடைக்குமேல் ஒரு டிரம்மை வைத்து, ஓட்டம் முடியும் முன் டெலிவரியிலிருந்தே அதை நிரப்பிவைத்து, அரை அங்குலக் குழாயால் புனலுக்கு இணைத்துக்கொண்டால் எப்போதாவது ஊற்ற வேண்டிய நாளில் குடம் தூக்கிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்க வேண்டியிராது.

கேள்வியில் போகிறபோக்கில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். இரவில் மின்சாரம் போய் வரும்போது அது தானாக மோட்டாரைப் போடும்; பைப் காலியாக இருப்பது அதற்குத் தெரியாது. விடியும்வரை வறண்டு ஓடி சீல் எரிந்த மோனோபிளாக்குகளைக் கோடை முழுவதும் பட்டறையில் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கசிவு தீரும்வரை ஆட்டோவை இன்றே நிறுத்திவிடுங்கள். பிறகு போடுவதானால், ஆம்பியர் குறைந்தவுடன் மோட்டாரை அணைக்கும் டிரை ரன் பாதுகாப்பு உள்ள பேனலாகப் பார்த்துப் போடுங்கள். டெலிவரி வால்வை மூடி வைத்து இரண்டு இரவு பார்த்துவிட்டு, காலையில் எத்தனை குடம் பிடித்தது, தண்ணீர் நின்றபோது கிணற்று மட்டம் எவ்வளவு இறங்கியிருந்தது, ஆம்பியர் எவ்வளவு காட்டியது என்ற மூன்றையும் எழுதுங்கள். காற்றா ஆழமா என்பதை அதிலிருந்து பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.